ஆறாவது கம்பியைக் கழற்றுங்கள்: 1969-ன் ஒரு கிட்டார் ஒலியை வீட்டில் எழுப்பும் வழி

கடந்த ஜூன் மழையில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். தோளில் கிட்டார், கையில் போன். போனில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் 'ஹாங்கி டாங்க் விமன்' ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இதுல வாறதும் ஜி கார்டுதானே? நானும் அதத்தானே பிடிக்கேன்? பின்ன ஏன் இது மாதிரி கேக்க மாட்டேங்கு?"

வாசித்தும் காட்டினான். கார்டு சரி. தாளமும் ஏறக்குறைய சரி. ஆனால் போனில் கேட்ட ஒலி தெளிவாக, நிமிர்ந்து நின்றது. இவனுடையது கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. கிட்டார் ஒலியை மாற்றும் நல்ல பெடல் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து, அதற்குப் பணமும் சேர்க்கத் தொடங்கியிருந்தான்.

"மக்கா, பெடல் வேண்டாம். மொதல்ல ஆறாவது கம்பியக் கழத்து" என்றேன்.

"கழத்தவா சொல்லுதிய?"

ஆமாம், கழற்றத்தான் சொன்னேன். அன்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை, முதல்முறை முயல்கிறவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஜி, சி, டி, ஏ மைனர் என்று நாலைந்து கார்டுகள் பிடிக்கத் தெரிந்தால் போதும். மேற்கத்திய இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

முதலில் கேளுங்கள்

இந்தப் பாட்டு 1969 ஜூலையில் வெளிவந்தது. பதிவு லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் நடந்தது. கிட்டாரில் கீத் ரிச்சர்ட்ஸ், டிரம்ஸில் சார்லி வாட்ஸ். தொடக்கத்தில் டக் டக் என்று கேட்கும் மாட்டுமணியைத் தட்டியவர் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர்.

காதில் இயர்போன் போட்டு நாலைந்து முறை கேளுங்கள். முதல் முறை மணி, டிரம்ஸ், கிட்டார் என்று ஒவ்வொன்றாக உள்ளே வரும் வரிசையைக் கவனியுங்கள். அடுத்த முறை பேஸ் கிட்டார் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் தேடுங்கள். பல்லவி வரும்வரை பேஸ் கிடையாது! சரணம் முழுவதும் அடித்தளத்தைத் தாங்குவது ரிச்சர்ட்ஸின் கிட்டார்தான். அப்படியிருந்தும் அது கனமாக, மந்தமாகக் கேட்கவில்லை. எப்படி என்பதற்கான பதில் கம்பிகளைச் சேர்த்த விதத்தில் இருக்கிறது.

அதன் பெயர் ஓப்பன் ஜி டியூனிங். இடது கையால் ஒன்றையும் பிடிக்காமல் சும்மா மீட்டினாலே ஜி மேஜர் கார்டு கேட்கும்படி கம்பிகளைச் சேர்த்து வைப்பது. இது ரிச்சர்ட்ஸ் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் தென்பகுதி புளூஸ் கலைஞர்கள் அவருக்கு வெகுகாலம் முன்பே இப்படி வாசித்தார்கள். ஐந்து கம்பி பேஞ்சோவின் வழக்கமான சுருதியும் இதே ஸ்வரங்கள்தான். (நம் ஊரில் சிலர் பட்டன் வைத்த புல்புல்தாராவைப் பேஞ்சோ என்பார்கள். நான் சொல்வது தோல் போர்த்திய அமெரிக்க வாத்தியத்தை.) ரை கூடர் என்ற கிட்டார் கலைஞர் இப்படி வாசிப்பதைப் பார்த்துத்தான் ரிச்சர்ட்ஸ் இதற்குள் வந்தார். பிறகு தடித்த ஆறாவது கம்பியையே எடுத்துவிட்டு ஐந்து கம்பியோடு வாசிக்கத் தொடங்கினார்.

என்னென்ன வேண்டும்

ஒரு கிட்டார். எலக்ட்ரிக் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கம்பி போட்ட அக்கூஸ்டிக் போதும். நைலான் கம்பி கிட்டாரில் இந்த ஒலி வராது. 0.73 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள பிக், போனில் ஒரு டியூனர் ஆப், ஒரு பென்சில், ஒரு பழைய பருத்தித் துணி. அப்புறம், வீட்டில் பாட்டு படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுடைய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் எனக்கு அதிகம் உதவிய கருவி அதுதான்.

ரிச்சர்ட்ஸ் என்றதும் எல்லோரும் 'மிக்காபர்' என்று அவர் பெயர் வைத்த ஃபெண்டர் டெலிகாஸ்டரை நினைப்பார்கள். அந்தக் கிட்டார் அவர் கைக்கு வந்ததே இந்தப் பாட்டு வெளிவந்த பிறகுதான். ஆகவே டெலிகாஸ்டர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். உங்களிடம் இருக்கிற கிட்டாரிலேயே தொடங்குங்கள்.

கழற்றுவது

ஆறாவது கம்பி என்பது மேலே இருக்கும் தடித்த கம்பி. அதன் கீயை (தலைப்பகுதியில் கம்பியை இறுக்கும் திருகை) மெதுவாகத் திருப்பித் தளர்த்துங்கள். இறுக்கமாக இருக்கும்போதே வெட்டக் கூடாது, கண்ணில் தெறிக்கும். முழுக்கத் தளர்ந்ததும் கழற்றி, வட்டமாகச் சுருட்டி, ஒரு காகித உறையில் போட்டுக் கிட்டார் பைக்குள் வையுங்கள். திரும்பப் போட வேண்டியிருக்கும்.

ஒரு கம்பி குறைந்தால் கிட்டாரின் கழுத்து வளைந்துவிடுமோ என்று பையன் பயந்தான். ஒன்றும் ஆகாது. ஆனால் பிரிட்ஜில் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதியில்) கம்பு வைத்து ஆட்டுகிற டிரெமலோ வகை கிட்டாரானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கம்பியின் இழுவிசை குறைந்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுக்கும், மற்றக் கம்பிகளின் சுருதி தானாக ஏறும். அப்படியானால் முழு டியூனிங்கையும் இரண்டு மூன்று சுற்று திரும்பத் திரும்பச் செய்தால்தான் நிலைக்கும்.

கிட்டார் உங்களுடையது அல்ல, சபையுடையது என்றால் கம்பியை அப்படியே விட்டுவிட்டு, ஐந்தாவது கம்பியிலிருந்து கீழே மட்டும் மீட்டப் பழகலாம். முடியும், ஆனால் கை முழுக்க எச்சரிக்கையாகவே இருக்கும். இந்த இசைக்கு வேண்டியது நேர் எதிரானது. எந்தக் கம்பியில் பட்டாலும் தப்பு வராது என்ற நிம்மதியில்தான் வலது கை வீசி ஆடும்.

சுருதி சேர்ப்பது

வழக்கமான டியூனிங்கில் மேலிருந்து கீழே இ, ஏ, டி, ஜி, பி, இ. இப்போது இ போய்விட்டது. மிச்சமுள்ள ஐந்தில் மூன்றைத் தொடவே வேண்டாம். நடுவில் இருக்கும் டி, ஜி, பி அப்படியே இருக்கட்டும். ஐந்தாவது கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்குங்கள். முதல் கம்பியை, அதாவது கடைசியில் இருக்கும் மெல்லியதை, இ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இரண்டுமே ஒரு முழுத் தொனி, அதாவது இரண்டு ஃபிரெட் அளவு மட்டும்.

கடைசியில் மேலிருந்து கீழே ஜி, டி, ஜி, பி, டி என்று இருக்க வேண்டும். அதிர்வெண்ணில் சொன்னால் 98, 146.8, 196, 246.9, 293.7 ஹெர்ட்ஸ். இறக்குவதுதான் என்பதால் கம்பி அறும் பயம் இல்லை.

இறக்கும்போது ஒரு பழக்கம் முக்கியம். ஜி வரை இறக்கி அங்கேயே நிறுத்தாதீர்கள். ஜி-க்குக் கொஞ்சம் கீழே போய், அங்கிருந்து மேலே ஏற்றி ஜி-யில் நிறுத்துங்கள். இறக்கிய இடத்திலேயே நிறுத்தினால் கீயில் தொய்வு மிச்சமிருக்கும், நாலு முறை மீட்டியதும் சுருதி இன்னும் விழும். கம்பி நட்டின் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையின்) பள்ளத்தில் சிக்கி, 'டிக்' என்ற சத்தத்தோடு குதித்தால், கம்பியைத் தூக்கி அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்து விடுங்கள். கிராஃபைட் படிந்தால் கம்பி வழுக்கி ஓடும். சிலர் தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பார்கள். வேண்டாம், தூசியையும் உப்பையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

டியூனர் ஆப் பச்சை காட்டியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஆப்பை மூடிவிட்டு இதைச் செய்யுங்கள்.

ஜி-யை ச என்று வைத்துக்கொண்டால் ஐந்து கம்பியும் ச, ப, ச, க, ப. நம் ஊர்க் காதுக்குப் பழகிய அடுக்கு இது. தம்புராவில் ஓயாமல் ஒலிப்பது ச-வும் ப-வும்தான். கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து பிடித்திருப்பதும் அந்த ஆதார சுருதியைத்தான். இங்கே கூடுதலாக ஒரே ஒரு அந்தர காந்தாரம், அதாவது அந்த க, சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வையுங்கள். 5 கட்டை என்பது ஜி. பெட்டி ஓடிக்கொண்டிருக்க, ஐந்தாவது கம்பியை மட்டும் மீட்டிக் கண்ணை மூடிக் கேளுங்கள். பெட்டியின் ச-வோடு உரசினால் ஒரு அலை எழுந்து விழும். கீயை மயிரிழை திருப்பத் திருப்ப அந்த அலை மெதுவாகி, ஒரு கட்டத்தில் அடங்கும். அடங்கிய இடம்தான் சுருதி. அடுத்து ஐந்தாவது கம்பியின் 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். அது மூன்றாவது கம்பியின் சும்மா ஒலியோடு ஒன்ற வேண்டும். அதே மாதிரி நாலாவது கம்பியின் 12-ஆவது ஃபிரெட் மணியொலியும் முதல் கம்பியும் ஒன்ற வேண்டும். ச இரண்டும் ப இரண்டும் இப்படிக் கட்டுக்குள் வந்துவிடும்.

மிச்சம் பி கம்பி, நம் காந்தாரம். இதற்குப் பொறுமை வேண்டும். தம்புராவில் மந்தர சட்ஜத்தை மீட்டும்போது அந்தர காந்தாரம் தானாகக் கிளம்பிக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்று வித்வான்கள் சொல்வது இதைத்தான். கிட்டாரின் ஐந்தாவது கம்பிக்குள்ளும் அது இருக்கிறது. 98 ஹெர்ட்ஸின் ஐந்து மடங்கு 490. ஆனால் டியூனர் காட்டும் பி-யின் இரு மடங்கு ஏறக்குறைய 494. இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு 4 முறை துடிக்கும். ஆப் சரி என்று சொன்ன பிறகும் காதுக்குள் ஏதோ அரிப்பது இதனால்தான்.

அப்படியானால் பி-யை முழுக்க இறக்கி, துடிப்பே இல்லாமல் ஆக்கிவிடலாமே என்று தோன்றும். செய்து பாருங்கள், சும்மா மீட்டும்போது அத்தனை இனிமையாக இருக்கும். ஆனால் இந்தப் பாட்டின் இரண்டாவது கார்டில் அதே கம்பி முதல் ஃபிரெட்டில் சி ஆகிறது. அங்கே அது தாழ்ந்து ஒலித்து மொத்தத்தையும் கெடுக்கும். முழுத் தூய்மைக்கு 14 சென்ட் இறக்க வேண்டும் என்றால், நீங்கள் 5 சென்ட் மட்டும் இறக்குங்கள். (இங்கே சென்ட் என்பது நிலம் அளப்பதல்ல, ஒரு அரைத் தொனியின் நூறில் ஒரு பங்கு. ஆப்பின் முள் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் சாய்வது.) துடிப்பு நொடிக்கு ஏறக்குறைய இரண்டரையாக மெதுவாகும். இரண்டு கார்டும் தாங்கும்.

இப்போது ஐந்து கம்பியையும் ஒரே வீச்சில் மீட்டுங்கள். பையன் அன்று முதல்முறை மீட்டிவிட்டு, ஒலி முழுக்க அடங்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

சாதாரண ஜி கார்டு ஏன் கொழகொழவென்று கேட்டது என்பதும் இப்போது விளங்கும். அதில் காந்தாரம் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று ஐந்தாவது கம்பியில், மிகவும் கீழ் ஸ்தாயியில். காந்தாரம் அடியில் இருந்தால் ஒலி தடித்துவிடும். ஆம்பில் கொஞ்சம் கரகரப்பு ஏற்றினால் இன்னும் கலங்கும். ஓப்பன் ஜி-யில் அடியில் ச, ப, ச மட்டும். காந்தாரம் ஒன்றே ஒன்று, அதுவும் மேலே. எவ்வளவு கரகரப்பு ஏற்றினாலும் அடித்தளம் தெளிவாக நிற்கும். பேஸ் இல்லாத சரணத்தை இந்தக் கிட்டார் தாங்கியது இப்படித்தான். ஆறாவது கம்பியை எடுத்ததும் இதற்காகவே. அது இருந்தால் ச-வுக்குக் கீழே இன்னொரு ஸ்வரம் வந்து உட்கார்ந்துவிடும்.

இடது கை: இரண்டே வடிவங்கள்

முதல் வடிவம், ஆள்காட்டி விரலை ஐந்து கம்பிக்கும் குறுக்கே நேராக வைத்து அழுத்துவது. எந்த ஃபிரெட்டில் வைத்தாலும் அது ஒரு மேஜர் கார்டு. 2-ஆவது ஃபிரெட்டில் ஏ, 5-இல் சி, 7-இல் டி, 10-இல் எஃப், 12-இல் மறுபடி ஜி. வழக்கமான டியூனிங்கில் பார் கார்டு பிடிக்கத் திணறியவர்களுக்கு இது பெரிய ஆறுதல், ஒரே விரல் போதும். விரலின் சதைப்பகுதியை விடப் பக்கவாட்டு எலும்புப்பகுதி படும்படி லேசாகச் சாய்த்து வைத்தால் எல்லாக் கம்பியும் சுத்தமாக ஒலிக்கும்.

இரண்டாவது வடிவம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஏ மைனர் செவன் பிடிப்பீர்கள் அல்லவா? இரண்டாவது கம்பியில் முதல் ஃபிரெட், நாலாவது கம்பியில் இரண்டாவது ஃபிரெட். அதே இரண்டு விரல்களை அப்படியே வையுங்கள். இந்த டியூனிங்கில் அது சி கார்டு, அடியில் ஜி. ஸ்வரமாகச் சொன்னால் காந்தாரம் மத்யமத்துக்கும் நாலாவது கம்பியின் பஞ்சமம் தைவதத்துக்கும் ஏறுகின்றன. அடியில் ச அசையாமல் நிற்கிறது.

இந்தப் பாட்டின் உயிரே சும்மா மீட்டும் ஜி-க்கும் இந்த வடிவத்துக்கும் இடையே போய் வருவதில் இருக்கிறது. முதலில் சும்மா ஜி-யை மீட்டுங்கள். ஒலி நிற்கும்போதே, மறுபடி மீட்டாமல், இரண்டு விரல்களையும் ஒரே நேரத்தில் கம்பியில் தட்டி வையுங்கள். தட்டிய வேகத்திலேயே புதிய கார்டு ஒலிக்கும். பிறகு விரலை எடுத்து மறுபடி ஜி. இரண்டு விரலும் ஒன்றாக விழாமல் டிட்-டிட் என்று முன்பின்னாக விழுவதுதான் எல்லோருக்கும் முதல் வாரத் தொல்லை. தாளமே இல்லாமல், கையைப் பார்த்துக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் தட்டிப் பழகுங்கள். அங்கே அவசரப்பட்டால் பிறகு எதுவும் உட்காராது.

ஜி-யில் வந்துவிட்டால் இதையே 5-ஆவது ஃபிரெட்டில் செய்து பாருங்கள். ஆள்காட்டி விரல் 5-இல் குறுக்கே, நடுவிரல் இரண்டாவது கம்பியின் 6-இல், மோதிர விரல் நாலாவது கம்பியின் 7-இல். விரலைத் தட்டினால் சி-யிலிருந்து எஃப்-க்குப் போகும். 1981-ல் வந்த 'ஸ்டார்ட் மீ அப்' பாட்டின் தொடக்கம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அங்கிருந்து இரண்டு ஃபிரெட் கீழே, 3-ஆவது ஃபிரெட்டுக்கு இறங்கி அதே அசைவு. ஒரு வடிவம் தெரிந்தால் அந்தக் குழுவின் பல பாட்டுகளின் வாசல் திறந்துவிடும்.

பாட்டின் வரிசை

சரணத்தில் முதலில் ஜி, சி. பிறகு ஜி, ஏ, டி. மறுபடி ஜி, சி. முடிவில் ஜி, டி, ஜி. பல்லவியில் ஜி-யும் டி-யும் மாறி மாறி வந்து ஜி-யில் முடியும். ஏ என்றால் 2-ஆவது ஃபிரெட், டி என்றால் 7 என்று மேலே சொன்னதை நினைவில் வையுங்கள். தாவும் தூரம் அதிகம் என்பதால் கண் முதலில் போக வேண்டும், கை பின்னால் வரும்.

வலது கை

புதிதாக வாசிக்கிறவர்கள் எல்லா இடத்தையும் நிரப்புகிறார்கள். சபையில் பாட்டுக்குப் பின்னால் வாசித்துப் பழகிய கைக்கு இது இன்னும் அதிகம். கீழே மேலே, கீழே மேலே என்று நிற்காமல் ஓடும். இங்கே அந்தப் பழக்கத்தைக் கழற்ற வேண்டும், ஆறாவது கம்பியைக் கழற்றியது போலவே. அசல் பதிவை மறுபடி கேளுங்கள். ரிச்சர்ட்ஸ் எத்தனை இடத்தைச் சும்மா விடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வெற்றிடத்தில்தான் மணியும் டிரம்ஸும் கேட்கின்றன.

ஒரு கார்டை மீட்டியதும் அது எப்போது நிற்க வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்ய வேண்டும். விரலைக் குறுக்கே வைத்த பார் கார்டில் இருந்தால் விரலின் அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டால் போதும், ஒலி அடங்கும். சும்மா ஜி-யில் இருந்தால் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பியில் வைத்து நிறுத்துங்கள்.

தாளம் தட்டும் மெட்ரோனோமை 80-இல் வைத்துத் தொடங்குங்கள். கை பழகிய பிறகு அதை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் அசல் பதிவே முடிவை நோக்கிப் போகப் போக வேகம் எடுக்கிறது. மெட்ரோனோமோடு கட்டிப்போட்டு வாசித்தால் அந்த உந்துதல் வராது. இரும்புத் தம்ளரில் கரண்டியால் தட்ட வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் அதைவிடச் சிறந்த துணை இல்லை.

ஆம்ப்

சின்ன பிராக்டிஸ் ஆம்ப் போதும். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைத் தேர்ந்தெடுங்கள். கெயினை, அதாவது கரகரப்பை ஏற்றும் குமிழை, 10-க்கு 3 அல்லது 4-இல் வையுங்கள். மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், ஓங்கி மீட்டினால் ஓரத்தில் மட்டும் கரகரப்பாகவும் கேட்க வேண்டும். பேஸ் 4, மிட் 6, டிரெபிள் 6. எதிரொலி சேர்க்கும் ரிவெர்பைக் குறைத்து வையுங்கள். இந்த ஒலி முகத்துக்கு நேரே நிற்பது, தூரத்துக் குகையிலிருந்து வருவதல்ல. உங்கள் ஆம்புக்கு ஏற்ப இந்த எண்கள் மாறும், காதை நம்புங்கள். கெயினை மட்டும் கூட்டிவிடாதீர்கள்.

ஆம்ப் இல்லாதவர்களுக்கு

அக்கூஸ்டிக் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதே குழு ஒரு வழி காட்டியிருக்கிறது. 1968-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாட்டில் பேஸைத் தவிர எலக்ட்ரிக் கிட்டாரே கிடையாது. கேட்டால் நம்ப முடியாது. ரிச்சர்ட்ஸ் அக்கூஸ்டிக் கிட்டாரைச் சிறிய ஃபிலிப்ஸ் கேசட் ரெக்கார்டரில், அது தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றிப் பதிந்தார். பிறகு அதை ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு ஸ்டுடியோவில் மறுபடி பதிந்தார்கள். கேசட் திணறிய திணறல்தான் அந்தப் பாட்டின் கரகரப்பு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது எத்தனை வீடுகளில் முடியும் என்று நினைத்தாலே எனக்கு உற்சாகமாக இருக்கிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன அப்பாவோ மாமாவோ கொண்டுவந்த டூ-இன்-ஒன் இன்னும் பரணில் இருக்கும். இறக்குங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் ரேடியோ பழுது பார்ப்பவரிடம் கொடுத்து மாற்றலாம். அதன் மைக் துளைக்கு ஒரு சாண் தூரத்தில் கிட்டாரை வைத்து, ஓப்பன் ஜி-யில் ஓங்கி மீட்டிப் பதியுங்கள். பல டூ-இன்-ஒன்களில் ஒலி அளவைத் தானே சரிசெய்யும் வசதி உண்டு. அவை அதிகம் கரகரக்காது, ஆனால் ஒலியை அமுக்கிப் பிழிந்து கொடுக்கும். அதுவும் அழகுதான். பிறகு அதை ஓடவிட்டு, எதிரே போனை வைத்துப் பதியுங்கள். போனை மேசையில் கிடத்தாதீர்கள், அதிர்வு ஏறும். தலையணை மேல் வையுங்கள். தகரக் கூரையில் மழை விழாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு ஆறாவது கம்பியை மாட்டி இன்னொரு டியூனிங் பாருங்கள். மேலிருந்து கீழே டி, ஏ, டி, ஜி, ஏ, டி. லெட் செப்பெலின் குழு 1975-ல் வெளியிட்ட 'காஷ்மீர்' பாட்டில் ஜிம்மி பேஜ் வாசித்தது இதில்தான். வழக்கமான டியூனிங்குக்குத் திரும்பிவிட்டு, அங்கிருந்து ஆறு, இரண்டு, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளை மட்டும் ஒரு தொனி இறக்க வேண்டும். சுருதிப் பெட்டியை 2 கட்டைக்கு மாற்றுங்கள். கேட்பது ச, ப, ச, ம, ப, ச. காந்தாரமே இல்லை.

உப்புக்காற்றும் இரண்டு மழையும்

குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்களுக்குக் கம்பி துருப்பிடிப்பது தெரிந்த கதை. துருவேறிய கம்பி எந்த டியூனிங்கிலும் சுருதி நிற்காது. இறுக்கம் குறைந்த டியூனிங்கில் அது இன்னும் அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு, மரம் ஈரத்தில் உப்பும். ஆகவே ஜூனிலும் அக்டோபரிலும் கிட்டாரை வெளிச்சுவரில் மாட்டி வைக்காதீர்கள். பைக்குள் வையுங்கள்.

ஐந்தாவது கம்பி இறங்கியதால் ஃபிரெட்டில் பட்டு உதறினால், இன்னும் மென்மையாக மீட்டிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் அடுத்த முறை ஒரு அளவு தடித்த கம்பி போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்

சபையில் வாசிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பல வருடம் முன்பு ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அரை மணி நேரம் இருக்கும்போதுதான் நான் கிட்டாரை ஓப்பன் ஜி-யிலிருந்து பழையபடி ஏற்றினேன். அவசரத்தில் முதல் கம்பியை டி-யிலிருந்து இ-க்கு ஒரே திருப்பாகத் திருப்பினேன். அறுந்தது. வேறு கம்பி கையில் இல்லை. அன்று முழுக்க மேல் ஸ்வரம் இல்லாமலே பாடகர் குழு பாடியது, பிள்ளைகள் இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த பாட்டு அது. அந்த முகங்களை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே சனிக்கிழமை மாலையிலேயே திருப்புங்கள். முதலில் ஆறாவது கம்பியை மாட்டி இ-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஐந்தாவது. முதல் கம்பியைக் கடைசியாக, கால் திருப்பு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி கால் திருப்பு என்று ஏற்றுங்கள். 5 சென்ட் இறக்கிய பி-யை மறக்காமல் பழைய இடத்துக்கு உயர்த்துங்கள். பையில் ஒரு முதல் கம்பியும் ஒரு இரண்டாவது கம்பியும் உபரியாக இருக்கட்டும். இரவெல்லாம் கிட்டார் அப்படியே இருந்துவிட்டு, காலையில் கோயிலுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். ஏற்றிய கம்பிகள் சற்று இறங்கியிருக்கும், சரிசெய்துகொண்டு கிளம்புங்கள்.